நட்சத்திரம் போட்ட கட்டம்

"ஊர் பேர் சொல்லுங்கம்மா" என்று ஸ்பீக்கர் போனில் சென்னைப் பெண்ணின் குரல் மறுபடியும் கேட்டது. லாட்ஜ் முதலாளி கன்னியம்மாள் அருள்ராஜைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சொந்த ஊரின் பேரைச் சொல்லத் தெரியாத லாட்ஜ் முதலாளியை அருள்ராஜ் அன்றுதான் பார்த்தான்.

விடுதிகளைப் பட்டியல் போடும் சுற்றுலா இணையதளக் கம்பெனி ஒன்று அவனைத் திருவண்ணாமலைக்கு அனுப்பியிருந்தது. லாட்ஜ் கம்ப்யூட்டரில் இருக்கும் விவரங்களைக் கம்பெனி கேட்கும் தலைப்புகளுக்கு நேராகப் பொருத்தி ஏற்ற வேண்டும், அதுதான் வேலை. வெயிலில் நாயாய் அலைந்தும் இதுவரை ஒரு லாட்ஜும் தேறவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் மூட்டை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

கன்னியம்மாள் கெட்டிக்காரர்தான். நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், அறை விவரம் முழுவதையும் தன் கையாலேயே தட்டி வைத்திருந்தார். காலையிலிருந்து இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். அவருடைய 'பௌர்ணமி ரேட்' கம்பெனியின் 'சீசன் கட்டண'த்தில் போய் உட்கார்ந்தது. 'பக்கெட் வெந்நீர்' என்பதை 'வெந்நீர் வசதி'யில் போட்டபோது அருள்ராஜுக்குக் கொஞ்சம் மனசாட்சி உறுத்தியது, அவ்வளவுதான்.

"கடற்கரைக்கு எவ்ளோ தூரம்னு ஒரு கட்டம் கேக்குதும்மா."

"பாண்டிச்சேரிக்கு நூறு கிலோமீட்டர்னு போடுங்க தம்பி. பஸ்ஸெல்லாம் ஜாஸ்தி இருக்குது."

'அது தெரியும்' என்று அவர் வைத்திருந்த ஒரு தலைப்பு மட்டும் அவனுக்குப் புரியவில்லை. "அதுன்னா எதும்மா?" என்று கேட்டான். கன்னியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். வெளியே மலை தெரிந்தது. மலையையே சாமியாகக் கும்பிடுகிற ஊர், பக்திதான் போலிருக்கிறது என்று எண்ணி 'மலைக் காட்சி' என்ற தலைப்பில் சேர்த்துவிட்டான்.

கடைசியில் மிஞ்சியது 'ஊர்' என்ற கட்டம். அதன் தலையில் நட்சத்திரக் குறி இருந்தது. நட்சத்திரம் போட்ட கட்டத்தை லாட்ஜ்காரர் குடும்பத்தில் ஒருவர் போனில் வாயால் சொல்லி உறுதி செய்ய வேண்டும், கம்பெனி ஆள் மூச்சு விடக் கூடாது. இல்லாத லாட்ஜை யாரோ ஏற்றி ஏமாற்றிய பிறகு வந்த சட்டம் அது.

போனில் இருந்த ஆர்த்தி பொறுமையாகத்தான் தொடங்கினாள்.

"லாட்ஜ் எந்த ஊர்லம்மா இருக்கு?"

"நம்ம ஊர்லதாம்மா."

"அதான், எந்த ஊரு?"

"செங்கம் ரோடும்மா. ரமணாசிரமம் தாண்டி."

"அது ரோடு. ஊரு?"

"கார்த்திகைக்கு தீபம் ஏத்துறாங்களே, டிவியில கூட காட்டுறாங்களே, அந்த ஊரு."

"பேர் சொல்லணும்மா. ரெக்கார்டு ஆகுது."

"போளூருக்கு இந்தப் பக்கம், செங்கத்துக்கு அந்தப் பக்கம்."

அருள்ராஜ் சத்தம் வராமல் வாயசைத்துக் காட்டினான். பலிக்கவில்லை. ஒரு தாளில் ஊர் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினான். கன்னியம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க தம்பி. மோட்டார் காயில் கட்ட வேங்கிக்கால் போயிருக்காரு வீட்டுக்காரரு, வந்துடுவாரு" என்று கிசுகிசுத்தார்.

அருள்ராஜுக்குச் சந்தேகம் தட்டியது. இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. லாட்ஜ் இவர் பேரிலேயே இல்லையோ? பங்காளி யாராவது கேஸ் போட்டிருக்கிறானோ? ரெக்கார்டு ஆகிற போனில் வாய்விட்டால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமோ?

"இதுதான் கடைசிம்மா. சொல்லலைன்னா போலி லாட்ஜுனு தள்ளிடுவேன்."

"ஐயோ, போலி இல்லம்மா! செங்கல் செங்கல்லா பார்த்துக் கட்டுனது. பௌர்ணமிக்கு மட்டும்தான் ரூம் நிறையுது, மத்த நாளெல்லாம் ஈ ஓட்டினு இருக்கோம். தள்ளிடாதம்மா!" கன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் ஊர் பேர் மட்டும் வரவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. கிரீஸ் கையோடு, காயில் கட்டிய மோட்டாரை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! அந்தப் பொண்ணு ஊர் பேரு கேக்குது" என்று கன்னியம்மாள் போனையே அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

அவர் மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மோட்டாரை இறக்கி வைத்துவிட்டுப் போனருகே குனிந்தார்.

"திருவண்ணாமலைம்மா."

"அப்பாடா! இதைச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?" ஆர்த்தி கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏத்தியாச்சு சார், லாட்ஜ் ஓகே." அருள்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சொன்னவர் பேரை மட்டும் போட்டுக்கிறேன். உங்க பேர் என்ன சார்?"

கன்னியம்மாள் சட்டென்று தலையைக் குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதேதாம்மா. அண்ணாமலை."