ஜன்னல் திறக்காத வர்ணம்

"அக்ரிலிக்தானே சார்? வீட்ல அம்மாவுக்கு லாக்கர் பெயிண்ட் வாடை ஆகாதே" என்றபடி கடைக்காரர் வழக்கமான வர்ணக் குப்பியை எடுத்துவிட்டார். மனைவி வசுமதி போய்ச் சேர்ந்த பிறகு சபேசன் அந்தக் கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. "இந்தத் தடவை லாக்கரே குடுங்க" என்றார்.

உள்ளங்கையில் அடங்கும் மாடல் கார்களுக்கு ஏர்பிரஷ் தெளிப்பானில் வர்ணம் அடிப்பவருக்கு லாக்கரின் பளபளப்பின்மேல் எப்போதும் ஒரு கண். ஆசை தாங்காமல் எப்போதாவது அடித்தால், கூடத்திலிருந்து இருமலோடு வசுமதியின் குரல் வரும்: "ஜன்னலயாவது தொறந்து வைங்களேன்." திறந்தால் ஈர வர்ணத்தில் தெருப்புழுதி ஒட்டிவிடும். "தொறந்துட்டேன்" என்று மூடிய ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்தே பொய் சொல்வார்.

இன்று அடித்து முடித்தபோது காரின் கூரையில் அவர் முகமே தெரிந்தது. வாடை கூடம்வரை போயிருக்கும். ஏர்பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு, வர்ணம் காயும் முன்பே, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். புழுதி உள்ளே வந்து காரின்மேல் இறங்கியது.

"தொறந்துட்டேன்" என்றார், கூடத்துப் பக்கம் திரும்பி.