ஒருக்களித்துப் படுத்தல்

லிஃப்ட் மெக்கானிக் திரும்பிப் படுக்க மாட்டேன் என்கிறாராம்.

நர்ஸ் காலையிலேயே புகாரோடு வந்து நின்றாள். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, ஆள் மசியவில்லை. நேற்று ஆபரேஷன் முடிந்து கட்டிலில் போட்டபோது எப்படி மல்லாந்து கிடந்தாரோ அப்படியே கிடக்கிறார்.

வயிற்றைத் திறந்து மூடிய மறுநாள் இப்படி அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கத்திக்குத் தப்பியவர்கள் சளியில் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் வார்டுக்குப் போனேன்.

அவர் என் செல்லப்பிள்ளை என்பதும் கோபத்துக்கு ஒரு காரணம்.

அவர் வயிற்றில் இருந்தது லேசில் பார்க்கக் கிடைக்காத கட்டி. இரைப்பையின் சுவரில் பிறந்து, உட்பக்கம் வளராமல் வெளிப்பக்கமாக வளர்ந்து, விரல் தடிமனில் ஒரு காம்பு விட்டு, பெரிய மாதுளம்பழம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டை அடைக்கவில்லை. வலியும் தரவில்லை. முதல் ஸ்கேனில் அது கல்லீரலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றதால், கல்லீரல் புற்று என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கல்லீரலில் பாதியை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் ஒரு சீனியர். எடுத்தாலும் பிரயோசனமில்லை என்றார் இன்னொரு சீனியர்.

எனக்கு மட்டும் ஓர் உறுத்தல். பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒரு விஷயம்தான் காரணம். படுக்கையில் அவர் திரும்பிப் படுத்தால், கொஞ்சம் கழித்து வயிற்றுக்குள் அதுவும் திரும்பிப் படுக்குமாம்.

கல்லீரலில் வேர் விட்ட கட்டி அப்படிப் புரளாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். எடுப்பவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். படத்தில் கட்டி கல்லீரலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. காம்பும் தெரிந்தது. நேற்று அந்தக் காம்பை, அது முளைத்த இடத்தில் இரைப்பையின் சின்னத் துண்டோடு சேர்த்து வெட்டியெடுத்துத் தைத்துவிட்டேன். கல்லீரலின் மேல் கத்தியே படவில்லை.

சீனியர்கள் இருவரும் கைகொடுத்தார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாததுதான் குறை.

என்னுடைய அந்த வெற்றிதான் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரிக் கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரே கும்பல். தண்ணீர் கொடுக்க ஒருத்தி, கால் பிடித்துவிட ஒருத்தன், சும்மா நிற்க நாலு பேர். இவர் பக்கம் யாரும் இல்லை. கையெழுத்துப் போட வந்த மைத்துனரும் ஆபரேஷன் முடிந்ததும் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். நாற்காலியில் மடித்துவைத்த சட்டை மட்டும் இருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டேன். தாங்கிக்கொள்ளலாம் என்றார். தையல் பிரிந்துவிடும் என்று பயமா என்றேன். ஏன், பிரிகிற மாதிரியா போட்டிருக்கிறீர்கள் என்று என்னையே மடக்கினார். அந்த வாய் அவருக்கு எப்போதும் உண்டு. தியேட்டருக்குக் கொண்டுபோகும்போதுகூட, இது நான் பராமரிக்கிற லிஃப்ட் இல்லை, மேலே போய்ச் சேர்ந்தால் என்னைக் கேட்கக் கூடாது என்று எங்களைச் சிரிக்க வைத்தவர்.

நர்ஸை அடுத்த கட்டிலைப் பார்க்க அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பிறகு என்னதான் பிரச்சினை என்று கேட்டேன்.

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாணமான நாள்லேருந்து, நான் திரும்பிப் படுத்தா தூக்கத்துலயே அவளும் திரும்பிப் படுப்பா டாக்டர். அவ போயிட்டா. அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சுது. கட்டின்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனா நான் திரும்பினா, பின்னாடியே ஒண்ணு திரும்புச்சு."

அதனால்தான் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாராம். வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருப்பதைப் பார்த்து மைத்துனர் இழுத்துவராவிட்டால், இப்போதும் வந்திருக்க மாட்டாராம்.

எந்தப் பக்கம் திரும்பினால் திரும்புகிறது, உடனே திரும்புகிறதா, தாமதமாகவா என்றெல்லாம் அவரைத் துருவித் துருவிக் கேட்டவள் நான். அந்த நேரத்தில் யார் நினைவு வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? தனியாகவே படுத்துப் பழகியவள். திரும்பிப் படுப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவரைப் பார்க்க வருத்தமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

 ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

டாக்டரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்று நினைத்தாரோ என்னவோ, அவராகவே கட்டில் கம்பியைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திரும்பினார். முதுகுக்கு முட்டுக் கொடுக்கத் தலையணையை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நேற்று அதை என் கையாலேயே வெளியே எடுத்துத் தட்டில் வைத்தவள், நானும் காத்திருந்தேன்.

பிறகு அவர் சுவரைப் பார்த்தபடியே, எனக்குச் சமாதானம் சொல்வது போலச் சொன்னார்.

"அசந்து தூங்கிட்டா போல."