போட்டதே தெரியக் கூடாது

“லிப்ஸ்டிக்கை எடுத்துடுங்க அங்கிள். கன்னத்துல இருக்கிற ரோஸும் வேணாம். புருவத்தைப் பாருங்க, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. அதையும் அழிங்க.”

ஸ்டுடியோ ஓஸ்வால்ட் கம்ப்யூட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “ஏம்மா பிரபா, காக்ஸ் டவுனே எங்கிட்ட வந்து இன்னும் கொஞ்சம் கலராக்குங்கன்னு கேக்குது. பியூட்டி பார்லர் வெச்சிருக்கிற நீ அழிக்கச் சொல்றே. கல்யாண ஃபோட்டோன்னா பளபளன்னு இருந்தாத்தானே அழகு?”

“அழகு யாருக்கு வேணும்? எனக்கு எங்கம்மா வேணும்.”

பிரபாவின் அம்மா ரத்தினம்மாள் காணாமல் போய் இரண்டு நாளாகிவிட்டது. ஒரு வருஷமாகவே அம்மாவுக்கு மறதி; சில காலைகளில் பெற்ற மகளையே யாரென்று கேட்பாள். செவ்வாய்க்கிழமை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில், காக்ஸ் டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று பிரபா ஒருவரிடம் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள், பிடித்திருந்த கை இல்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. நோட்டீஸும் அடித்து ஒட்டியாயிற்று. அதில் போட்டிருந்த படம்தான் இப்போது கம்ப்யூட்டரில் இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. வோட்டர் கார்டில் இருந்தது வெறும் கறுப்பு நிழல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தம்பி பாலகுமார் கல்யாணத்தில் எடுத்த படம் அது. பயத்தமாவில் முகம் கழுவி, துளி பவுடரைத் தேய்த்து, அதையும் முந்தானையால் ஒற்றியெடுத்துவிடுகிறவள் ரத்தினம்மாள். அன்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள்: “லேசா போடுடி. போட்டதே தெரியக் கூடாது.”

“சும்மா இரும்மா. மாப்பிள்ளையோட அம்மா நீ. என் பார்லர் பேரு என்னாவுறது?” என்று பிரபா அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். ஒன்றரை மணி நேர வேலை. பொண்ணு வீட்டுக்காரர்கள், மாப்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய அக்காவா என்று கேட்டார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி பார்லர் வாசலில் மாட்டியிருந்தாள்.

ஓஸ்வால்ட் உதட்டுச் சிவப்பை அழித்துப் பார்த்தார். உதடு சாம்பல் பூத்தது. கன்னத்தில் கைவைத்தார், கன்னம் சுவராகிவிட்டது.

“இன்னும் கொஞ்சம் அங்கிள். அதுக்குக் கீழ சுருக்கம் இருக்கும். மூக்கு ஓரமா ஒரு மரு இருக்கும்.”

“மேலே இருக்கறதச் சுரண்டுனா கீழேருந்து அம்மா வருவாங்கன்னு நெனைக்கிறியா? நீ போட்டதத்தாம்மா கேமரா பாத்துது. அதுக்குக் கீழே இருக்கிற மூஞ்சி கம்ப்யூட்டருக்குத் தெரியாது.”

பிரபா எழுந்தாள். மிச்சமிருந்த பழைய நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மெஜஸ்டிக்கில் அவள் நேற்று ஒட்டிய தூண்களில் இரண்டு மொட்டையாக நின்றன. ஓரத்தில் கோந்தும் காகிதத் துணுக்கும்தான் மிச்சம். “எந்தப் பாவியோ கிழிச்சிருக்கான்” என்று வாய்விட்டே திட்டினாள். அதே இடத்தில் மறுபடியும் ஒட்டினாள்.

பூ விற்கிறவள் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஆட்டோக்காரர் ஒருவர், “யாரு மேடம், டிவி ஆர்ட்டிஸ்டா?” என்றார். பிரபாவுக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அப்புறம் தன் கையைத்தான் வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

டீக்கடை கோவிந்தப்பா அவளைக் கண்டதும் கையை ஆட்டி, கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். “நோட்டீஸ் இங்கே பேடாம்மா, வேணாம். காலையிலேயே உங்க வீட்டு அம்மாவுரு ஒருத்தரு வந்து நோட்டீஸைத் தோர்சிட்டாங்க. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கி, எல்லார்கிட்டேயும் படத்தைக் காட்டிக் கேக்கறாங்க.”

மாமியார் எல்லம்மாவாக இருக்கும் என்று பிரபா நினைத்தாள். விடியற்காலையிலேயே ஐம்பது நோட்டீஸை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். ‘எப்பப் பாத்தாலும் உங்கம்மா, உங்கம்மா’ என்று இடித்துக்கொண்டே இருக்கிற அத்தைதான்.

“பாவம்மா, அந்த வயசுலே. டீ கொடுத்தேன், பேடா அந்துட்டாங்க. மொதல்லே இவங்க கெடைக்கட்டும்னு சொல்லிட்டுப் போயே போயிட்டாங்க.”

அத்தையா டீயை வேண்டாம் என்றார்? காலையில் இரண்டாவது டம்ளர் வருவதற்கு நிமிஷம் பிந்தினாலும் தலைவலி என்று படுத்துவிடுகிறவர். பிரபாவுக்கு அந்த நேரத்திலும் அத்தைமேல் முதல்முறையாக ஒரு பிரியம் வந்தது.

அதற்குமேல் அவளால் நடக்க முடியவில்லை. ஒசூர் பஸ்கள் நிற்கிற பக்கமாக ஒரு சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, நோட்டீஸ் கட்டை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். படத்தில் அம்மா அப்படிச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். மூலை கிழிந்து, கோந்து காய்ந்த நோட்டீஸ் ஒன்று அவள் முகத்துக்கு நேரே நீண்டது. அதைப் பிடித்திருந்த கையில் பச்சைக் கண்ணாடி வளையல்.

பிரபா நிமிர்ந்தாள். கசங்கிய புடவை, வெயிலில் கறுத்த முகம், மூக்கு ஓரத்தில் மரு.

“அம்மா!”

ரத்தினம்மாள் அந்த அழைப்பைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவசரமாகப் படத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

“இந்தப் பொம்பளைய எங்கனா பாத்தியா கண்ணு? பாவம், இவ பொண்ணு தேடிக்கினு அலையுதாம்.”