பதினேழாம் நம்பர்

"அப்போ பதினேழாம் நம்பர் கோழிங்க மட்டும் தூங்கறதே இல்லையா?"

பெண்கள் கூட்டுறவு முட்டைச் சங்கத்தின் செயலாளர் சிரித்தாள். முட்டையைக் கொடுக்கும் உறுப்பினரின் எண்ணைப் பென்சிலால் அதன் மேல் எழுத வேண்டும். கோழிச்சீக்கு பரவிய இந்த மாதத்திலும் பதினேழாம் எண்ணில் தவறாமல் தினம் பத்து முட்டை.

"அவ கைராசி அப்படிம்மா," என்றாள் டிரேயைக் கொண்டுவந்த, பதினேழாம் உறுப்பினரின் ஓரகத்தி.

"நாளைக்கு வரச் சொல்லு. என்ன தீனி போடுறான்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்."

"அவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வராதும்மா."

செயலாளர் முட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். பத்து முட்டைகளிலும் பதினேழு என்ற எண் பத்து விதமான கையெழுத்தில் இருந்தது.

வரிசையில் நின்ற பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓரகத்தி சொன்னாள்:

"அவகிட்ட ஒரு கோழிகூட இல்லம்மா. முதல் வாரமே எல்லாம் செத்துப்போச்சு. முப்பது நாள் முட்டை வரலன்னா பேரை அடிச்சிடுவீங்க. அப்புறம் சங்கம் கொடுக்கிற குஞ்சும் கிடைக்காது. புருஷனும் இல்லாதவ. அதான் ஆளுக்கு ஒண்ணு எடுத்து..."

செயலாளர் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, பதினேழாவது பெயரில் விரலை வைத்தாள்.

"குஞ்சு வர இன்னும் ஒன்பதே நாள். அதுவரைக்கும் நம்பரைப் பாக்காம வாங்கிக்குங்கம்மா," என்றாள் ஓரகத்தி.