சிவப்புச் சீட்டுகள்

"அப்பா, அவங்க என் பேரக் கண்டுபிடிச்சா ஸ்கூல் வாசலுக்கே வந்துருவாங்கப்பா!"

ரக்‌ஷனா போனோடு அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்து வீட்டில் அம்மா தூங்கிவிட்டாள். தேக்கா சேலைக்கடையை அடைத்துவிட்டு வந்த சுப்பிரமணியம், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எவங்க? மொதல்லேர்ந்து சொல்லும்மா."

ஒரு வருஷமாகப் பெயர் போடாமல் இணையத்தில் ஒரு பேஜ் நடத்துகிறாளாம். புதுப்படம் வந்தால் ஒவ்வொரு தியேட்டரின் புக்கிங் பக்கத்தையும் திறந்து, விற்ற சீட்டுகளை எண்ணி, எந்தப் படம் முந்துகிறது என்று எழுதுவாளாம். ஒன்பதாயிரம் பேர் படிக்கிறார்களாம்.

"இந்த வாரம் பெரிய ஹீரோ படமே பாதி காலிப்பா. கூட வந்த சின்னப் படத்துக்கு ஏழு மணி ஷோ முழுக்கச் சிவப்பு. சிவப்புன்னா வித்துருச்சுன்னு அர்த்தம்லா. 'ஹவுஸ்ஃபுல், சின்னப் படம் ஜெயிச்சுருச்சு'ன்னு போட்டேன்."

"சரி."

"ஹீரோ படத்துக்குப் போனப்ப அந்தச் சின்னப் படம் ஓடுன ஹால எட்டிப் பார்த்தேன். உள்ள ஒரு ஆள் இல்லப்பா! படம் மட்டும் தனியா ஓடுது. ஹீரோ ரசிகருங்க 'எவ்வளவு வாங்குன?'ன்னு கிழிக்கிறாங்க."

"அத விடு. அந்தச் சின்னப் படம் இப்ப எப்படிப் போகுது?"

அவள் கண்கள் விரிந்தன.

"அதான்ப்பா நம்பவே முடியல. நான் எழுதுன ஒரே வரி! ஈசூன்லேர்ந்து ஜூரோங் வரைக்கும் எல்லாத் தியேட்டரும் நெறைஞ்சுருச்சு. இந்தத் தடவ நிஜ ஆளுங்க. ஹீரோ படத்துலேர்ந்து நாலு ஷோவப் புடுங்கி இதுக்குக் குடுத்துட்டாங்க."

"நாலு ஷோவா?" இரண்டு முறை கேட்டார்.

"பயமா இருக்குப்பா. தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுருங்கன்னு டைப் பண்ணி வச்சிருக்கேன், இப்பவே போட்டுடுறேன்."

"வேணாம்மா!" அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ எழுதுனது தப்பே இல்ல. நூத்தி எண்பத்தி நாலு சீட்டும் வித்துச்சு."

"நான் நம்பரே சொல்லலையேப்பா?"

சுப்பிரமணியம் தன் போனைத் திறந்து மேசைமேல் வைத்தார். அந்த ஏழு மணி ஷோவின் டிக்கெட்டுகள் அத்தனையும் அவர் பெயரில் இருந்தன.

"கடைய வச்சுக் கடன் வாங்கி, அந்தப் படத்த இங்க ரிலீஸ் பண்ணது நான்தாம்மா. அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பேஜ்ல ஒரு வரி வந்துட்டா ஜனம் வந்துரும்னுதான் மொத்தமா வாங்கினேன். அத எழுதுறது நீன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

எழுதி வைத்திருந்த மன்னிப்பின் மேல் ரக்‌ஷனாவின் விரல் அசையாமல் நின்றது.

"அப்ப... அந்த ஹீரோ படத்துல பாதி சீட்டு சிவப்பா இருந்துச்சே, ஆனா நான் போனப்ப உள்ள பத்துப் பேர்தான் இருந்தாங்க. அதையெல்லாம் யாருப்பா வாங்குனாங்க?"