பாராட்டப் போன குடும்பம்

"அந்தப் பையனப் பாத்து நல்லதா ரெண்டு வார்த்த சொன்னா உங்க வாயில இருக்கிற முத்து உதிந்துடுமா?"

மலர்க்கொடி போட்ட சத்தத்தில், சேத்தியாத்தோப்பு மைதானத்தில் கபடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"மெதுவாப் பேசு மலரு. பாவம், நம்ம புள்ள மாதிரி இருக்கான்" என்றார் தேவநாதன்.

"ஊட்டிக்குப் போலாம்னேன். எந்தம்பி பேச்சக் கேட்டு இங்க வந்து வெயில் காயிறோம். வந்த வேலைய முடிங்க!"

ஜனங்கள் பார்ப்பது உறைத்ததும், மகள் இளவரசியை இழுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டாள்.

ஒரு நல்ல வார்த்தைக்கா இவ்வளவு சண்டை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கடலூர் செம்மண்டலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே தேவநாதனைத் தெரியாதவர்கள் உண்டு. அவர் கண்ணைத் தெரியாதவர்கள் கிடையாது.

சிங்காரம் வீட்டு முருங்கையைப் புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று பார்த்தார்கள். "இன்னாமா காய்ச்சிருக்கு!" என்றார் இவர். சாயங்காலமே மரம் நடுவில் முறிந்தது. மாரியம்மாளின் புது கிரைண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் மோட்டார் புகைந்தது. அதற்கப்புறம் இவர் தெருவில் வந்தாலே கைக்குழந்தைகள் முந்தானைக்குள் போய்விடும். மனுஷனும் தரையைப் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டார்.

மலர்க்கொடியின் தம்பி தங்கராசு கடலூரில் ஒரு கபடி டீம் வைத்திருக்கிறான். வருஷா வருஷம் சிதம்பரம் டீமிடம் தோற்பதே அதற்கு வேலை. காரணம், எழிலன் என்கிற ஒரே ஒரு ரெய்டர். இந்த மே மாதம் அந்த டீம் சீசனுக்கு முன்னால் ஊர் ஊராகப் பயிற்சி எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் தங்கராசுவுக்கு மூளை வேலை செய்தது.

"மாமா, லீவுதானே? குடும்பத்தோட போயி அவுங்க ப்ராக்டீஸப் பாருங்க. காரு, ரூமு எல்லாம் என் பொறுப்பு. அந்த எழிலன மட்டும் வாயாரப் பாராட்டிட்டு வாங்க!"

கடைத்தெருவிலிருந்து மனைவி திரும்பி வருவதற்குள் தேவநாதன் கண்ணை இறுக்கி மூடித் திறந்து, "நல்லா ஆடுறான்பா" என்று சொல்லித் தொலைத்தார். எழிலன் துள்ளிக் குதித்து ஆடிக்கொண்டே இருந்தான். இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சொல்லிட்டேன். ஒண்ணும் ஆவல. என் கண்ணுல இருந்த கோளாறு போயிடுச்சு போல" என்றார் மலர்க்கொடியிடம்.

"நான் இல்லாதப்ப எதுக்குச் சொன்னீங்க?" என்று எரிந்து விழுந்தாள் அவள்.

அடுத்து டீம் சொந்த ஊரான சிதம்பரத்துக்கே திரும்பியது. பின்னாலேயே இவர்களும் போனார்கள். அங்கே எழிலன் தானே ஓடிவந்து வேப்பமர நிழலில் மூன்று நாற்காலி போட்டான். மோர் வாங்கிக் கொடுத்தான்.

"எங்க பின்னாடியே வரீங்களே சார்! எங்க டீமுக்கு இப்பிடி ஒரு ஃபேமிலியே ஃபேனா!"

தேவநாதன் அந்த மோரை இளவரசி பக்கம் தள்ளிவிட்டார்.

அன்றைக்கு நாலு பேர் வளைத்துப் பிடிக்க வந்தார்கள். எழிலன் அவர்கள் தலைக்கு மேலே தாவிக் கோட்டைத் தொட்டான். தேவநாதன் தன்னை மறந்து எழுந்துவிட்டார். "அடடா! காலா அது!"

பக்கத்தில் மலர்க்கொடி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க."

அடுத்த ரெய்டிலேயே எழிலன் கால் மடங்கி விழுந்தான். முட்டிச் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள்.

"மாமா, நீங்க தெய்வம்!" என்று தங்கராசு போன் போட்டான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அந்த வருஷம் அவன் கோப்பையைத் தூக்கினான். அக்காவும் மாமாவும் அந்தப் பக்கமே போகவில்லை.

தேவநாதன் வாரம் தவறாமல் ஆப்பிளும் கையுமாகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பிய மலர்க்கொடி, "நான் மட்டும் வரலீங்க" என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். துணைக்கு இளவரசி போனாள்.

ஒருநாள் மனசு தாங்காமல் எழிலனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "என் கண்ணுதாம்பா உன் காலச் சாப்டுடுச்சு."

அவன் சிரித்தான். "கண்ணாவது மண்ணாவது மாமா!"

சார் எப்போது மாமா ஆனார் என்று இவர் யோசித்து முடிப்பதற்குள், இளவரசி முகூர்த்தப் புடவைக்கு நிறம் பார்த்துவிட்டாள். எழிலன் லேசாகச் சாய்ந்துதான் நடந்தான். அதற்காக அவள் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை.

தை மாதம் சிதம்பரத்தில் கல்யாணம். தாலி கட்டியானதும் மணமேடை ஓரத்தில் பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "பொண்ணக் குடுக்க இஷ்டமில்லாத கோவமோ?" என்று மாப்பிள்ளை வீட்டார் கிசுகிசுத்தார்கள். ஒற்றை மகள், அவளை ஆசையாக ஒரு தடவை பார்க்க இவருக்குத் தைரியம் இல்லை. அதுதான் விஷயம்.

முதுகுக்குப் பின்னால் மலர்க்கொடி நிற்பது தெரிந்தது. குரல் உடைந்து கேட்டார்: "இளவரசி எப்பிடி இருக்கா மலரு? நாந்தான் பாவி, பாக்கக் கூடாது. எனக்கும் சேத்து நீ நல்லாப் பாரு."

திரும்பினார். மலர்க்கொடி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நானும் பாக்கலீங்க. அந்தக் கண்ணு உங்களுது இல்ல, என்னுது."