சோம்பேறிக் கால்

இடது தொடை வெந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து முப்பத்தொன்பது முறை அவள் குளத்தில் பாய்ந்திருந்தாள். முப்பத்தொன்பதும் அந்த ஒற்றைக் காலில். மேடையில் ஏறி நின்றால் முழங்கால் வெடவெடவென்று ஆடியது.

ஆடட்டும். மூட்டை தூக்குகிறவர் பெற்ற பெண்ணுக்கு வலி என்ன புது விருந்தாளியா?

நாற்பதாவதுதான் கணக்கில் சேரும். மேடைப் பலகைக்கு அடியில் அளக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். ஒலி கேட்டு 0.68 நொடிக்குள் பலகையை விட்டுக் கிளம்பினால் தொடர் நீச்சல் அணியில் முதல் ஆள். தவறினால் வீடு.

பயிற்சியாளர் கையைத் தூக்கினார். அவள் வலது பாதத்தையும் எடுத்து, மேடையின் பின்புறம் சாய்வாகப் பொருத்தியிருந்த பலகையில் பதித்தாள்.

ஆமாம், அவளுக்கு இரண்டு காலும் இருந்தன. சிக்கலே அதுதான்.

அதைக் கண்டுபிடித்தவள் தங்கை. முப்பத்தொன்பது ஒற்றைக் கால் பாய்ச்சலும் அவள் போட்ட தண்டனை. போட்டுவிட்டு, மடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு, குளத்தோர நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு பேர் மூட்டை தூக்கினா ஒருத்தன் சும்மா முக்கிட்டு நிப்பான்னு அப்பா சொல்வார்ல? உன் முன்காலு அந்த ஆளுதான். தனியா வேலை வாங்கு, தானா புத்தி வரும்” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

ஒலி வந்தது.

இடது கால் இந்த முறை யாரையும் எதிர்பார்க்கவில்லை. உடம்பு முன்னால் சரிந்த கணமே பலகையை உதைத்துத் தள்ளியது. விரல் நுனி கிழித்த இடத்திலேயே தலை, இடுப்பு, கால் எல்லாம் நுழைந்தன. தண்ணீர் அதிகம் தெறிக்கக்கூட இல்லை.

எண்ணைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

0.66.

பயிற்சியாளர் ஓடிவந்து முதுகில் ஓங்கித் தட்டினார். எங்கே பிடித்தாய் இந்த வித்தையை என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, பீத்திக்கிட்டது போதும். என் காலை எடுத்துக் குடு.”

அது சுவரோரம் சாய்ந்திருந்தது. முழங்கால் மூட்டோடு, தேய்ந்த செருப்போடு.

மூன்று மாதத்துக்கு முன்னால், உனக்குப் பாயக் கற்றுத்தரட்டுமா என்று, ஒற்றைக் காலிலேயே பாயப் பழகிய தங்கை கேட்டபோது, இதே இடத்தில், அணி முழுக்கப் பார்க்க அக்கா சிரித்திருந்தாள். முதலில் நீ விழாமல் நில்லடி என்றும் சொல்லியிருந்தாள்.

தங்கை மறுநாள் காலையிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

அக்கா ஈரத்தோடு மண்டியிட்டு, தங்கையின் காலைத் துடைத்து, பட்டையை இழுத்து மாட்டிவிட்டாள்.

மன்னிப்பு இன்னும் பாக்கி.